இடைவேளைக்குத் தலைமை

1964 பிப்ரவரி 4, செவ்வாய்

ரிடையரான பிறகு காலை நேரம் நகரவே மாட்டேன் என்கிறது. இன்றைக்கும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு மாட்டுங்கா ஸ்டேஷன் வரை போய்விட்டுத் திரும்பினேன். எங்கே போனேன் என்று அபயாம்பாள் கேட்டாள். பெண்டாட்டிக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது.

வழியில் வெங்கடேஸ்வரனைப் பார்த்தேன். ஆபீசில் எனக்குக் கீழே பதினோரு வருஷம் குப்பை கொட்டியவன். நாடகம் எழுதியிருக்கிறானாம், அவனே கிழவனாக நடிக்கிறானாம். முதியோர் இல்லத்தில் நடக்கிற கதை என்றான். இரண்டு பாஸ் கொடுத்து, மாமியையும் கட்டாயம் அழைத்து வர வேண்டும் என்றான். பையனுக்கு மரியாதை மறக்கவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

சண்டாளன்.

நேற்று நாடகம் பார்த்துவிட்டு வந்து எழுதக் கை வரவில்லை.

திரை தூக்கியதும் நாலு பெஞ்சு. மேலே போர்வை. அதுதான் முதியோர் இல்லமாம்! டாக்டராக வந்தவனே மீசையை எடுத்துவிட்டுச் சமையல்காரனாக வந்தான். கிழவர்கள் தலையில் சணல். சரி, ஏழைக் கம்பெனி, போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் வெங்கடேஸ்வரன் வந்தான். கறுப்புக் கோட்டு, கழுத்தில் மப்ளர், கையில் குடை. சாப்பாட்டுக் கூடத்துத் தரையில் சிவப்புச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான். மணி அடித்த பிறகு வருகிற கிழவர்கள் கோட்டுக்கு அந்தண்டை உட்கார வேண்டும், ரசம் கிடையாது. "காரணம் சொல்லாதே, எழுதிக் கொடு!" என்று கத்தினான்.

என் வார்த்தை. என் குரல். ஆபீசில் பத்தேகாலுக்கு வருகைப் பதிவேட்டில் சிவப்புக் கோடு போட்டது நான்தான். அதற்குக் கீழே அதிகம் கையெழுத்துப் போட்டவன் அவன்தான்.

ஹாலே குலுங்கியது. பக்கத்தில் திரும்பினால் அபயாம்பாள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். இடைவேளையில் எழுந்து வந்துவிட்டேன். அவளும் பின்னாலேயே வந்தாள்.

இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் சம்பாதித்தது ஒன்றே ஒன்று. நான் உள்ளே நுழைந்தால் உட்கார்ந்திருப்பவன் நிமிர்ந்து உட்காருவான். அதைக் கொண்டுபோய் மேடையில் போட்டு மிதித்துவிட்டானே, பாவி. விடமாட்டேன்.

பிப்ரவரி 11

தயிர் வாங்க நின்றபோது பின்னாலிருந்து யாரோ "எழுதிக் கொடு" என்றார்கள். திரும்பினேன். எல்லோரும் தயிரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிப்ரவரி 13, வியாழன்

ஊரெல்லாம் இதே பேச்சு. வேலையில்லாதவர்கள்.

ரயிலில் ஒரு பாங்க்காரர் செட் மட்டம், லைட் மட்டம், கிழவர் வேஷம் மட்டும் ஒண்ணாம் நம்பர் என்றார். எதிரில் இருந்தவர், தமிழன் எவன் அப்பாவைக் கொண்டுபோய் இல்லத்தில் விடுவான், அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊரில் நடக்கும் என்று சண்டைக்குப் போனார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவரே கடைசியில், "ஆனா ரெண்டாம் பாதில அழ வெச்சுட்டான் சார்" என்றார்.

ரெண்டாம் பாதியை நான் பார்க்கவில்லை. பார்க்கவும் வேண்டாம்.

கோயிலில் ஒரு மாமி அபயாம்பாளிடம், உங்காத்து மாமாவை அப்படியே உரிச்சு வெச்சிருக்கான் என்றாளாம். அதையும் என்னிடம் வந்து சொல்கிறாள். உதடு துடிக்கிறது இவளுக்கு.

பிப்ரவரி 15, சனி

கோட்டுக்கு உள்துணி மாற்ற லேபர் கேம்ப் பேட்டைக்குப் போனேன். டெய்லர் சலாவுதீன் பத்து வருஷமாக எனக்குத் தைப்பவர். பாவம், சூதுவாது தெரியாத மனுஷன். அவராகவே சொன்னார்:

"வெங்கடேசு சாரும் ஒண்ணு தச்சிட்டுப் போனாவ, சார். ஒங்க அளவுலயே வேணும்னாவ. அவுஹளுக்குத் தோள் தொங்குமேன்னு சொன்னேன், கேக்கல."

ஆக, யாரையும் மனசில் வைத்து எழுதவில்லை என்று அவன் இனிமேல் சொல்ல முடியாது. அளவு எடுத்துத்தான் அடித்திருக்கிறான். நானும் அளவு எடுக்கிறேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பகவான் இருக்கிறார்.

செம்பூர் சங்கத்துச் செயலாளர் வானமாமலையை ரயிலில் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஆண்டு விழாவுக்கு இதே நாடகம். இடைவேளையில் தலைமை தாங்க வருவதாக இருந்த டாக்டருக்கு அம்மையாம். மனுஷர் தவிக்கிறார். இடைவேளையில் ஒருவர் மேடையேறி நாலு வார்த்தை புகழாமல் நம்மவர்கள் நாடகம் போடமாட்டார்கள். வேஷம் கட்டியவர்கள் பவுடர் வழிய வரிசையாகக் கைகட்டி நிற்க வேண்டும். நடுவில் பேச முடியாது.

நான் வருகிறேன் என்றேன். வானமாமலை என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் நாடகத்தைப் பார்க்கவில்லை, அவரைத் தவிரச் செம்பூரில் என்னை யாருக்கும் தெரியாது. வெங்கடேஸ்வரனிடம் தலைவர் பேரைச் சொல்ல வேண்டாம், ஆச்சரியமாக இருக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 22

பேச்சு தயார். இரண்டு தடவை கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். ஒரு புகழ்ச்சி வார்த்தை கிடையாது.

பிப்ரவரி 24, திங்கள்

என்ன நடந்தது என்றே இன்னும் புரியவில்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

இடைவேளை மணி அடித்தது. கறுப்புக் கோட்டு, மப்ளர், குடையோடு மேடை ஏறினேன். அங்கே கறுப்புக் கோட்டு, மப்ளர், குடையோடு அவன். என்னைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போயிற்று. நான் வாயைத் திறப்பதற்குள் ஹாலில் ஒரு சிரிப்பு கிளம்பியது.

"சிரிக்காதேங்கோ" என்றேன். இன்னும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இவன் என் ஆபீசில் ஒரு நாள் நேரத்துக்கு வந்தவனா என்று கேட்டேன். மாமியார் செத்துப்போனாள் என்று மூன்று தடவை லீவு வாங்கியவன் என்றேன். கைதட்டல் கூரையைப் பிளந்தது. மாமியார் ஒருத்திதானே, எந்த மாமியார் மூன்று தடவை சாவாள், காரணத்தை எழுதிக் கொடு என்று கத்தினேன். பேச்சில் எழுதியது பாதிதான், மீதி வயிற்றெரிச்சல். ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். நாடகத்தில் இதுவும் ஒரு சீன் என்று நினைத்துவிட்டார்கள்!

எனக்கு முதலில் அவமானமாக இருந்தது. அப்புறம் அவனைப் பார்த்தேன். அவன் மட்டும் சிரிக்கவில்லை. கைகட்டி நிற்கிறான், பவுடரில் வேர்வை கோடு கோடாக இறங்குகிறது. அத்தனை ஜனமும் அவனைப் பார்த்துச் சிரிக்கிறது. அது நாடகமில்லை என்று அவனுக்கு மட்டும் தெரியும்.

ஆஹா, அந்த ருசி.

தலைவர் என்பதால் ரெண்டாம் பாதிக்கும் முன்வரிசையில் உட்கார்ந்தே ஆகவேண்டியதாயிற்று. கிழவரைப் பார்க்கப் பிள்ளை வரவில்லை. பழைய குமாஸ்தா ஒருவன் வருகிறான், அவனும் லேட்டாக. கிழவர் குனிந்து மப்ளரால் சிவப்புக் கோட்டை அழிக்கிறார். ஹாலே மூக்கைச் சிந்தியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் எவனுக்கும் கோட்டை அழித்தவனில்லை. அழுகிற கிழவனாக என்னைக் காட்ட இவன் யார்? சிரிக்க வைத்ததைக்கூட மன்னித்துவிடலாம். இதை மாட்டேன்.

வாசலில் எல்லார் வாயிலும் ஒரே அபிப்பிராயம்: இடைவேளையில் வந்த கிழவர்தான் பிரமாதம். வானமாமலை, "ஓய், நீரும் டிராமா ஆள்னு சொல்லவே இல்லையே" என்று முதுகில் தட்டினார்.

பிப்ரவரி 27, வியாழன்

வெங்கடேஸ்வரன் வீட்டுக்கே வந்தான். உட்காரச் சொல்லவில்லை. அபயாம்பாள் காபி கொடுத்துவிட்டாள், அது அவள் சுபாவம்.

தாணே சபாவில் இடைவேளைப் பெரியவர் வந்தால்தான் நாடகம் என்கிறார்களாம். அந்த வசூலை நம்பிப் புதுச் செட்டுக்குச் சொல்லிவிட்டானாம். நீங்க இல்லாம முடியாது சார் என்றான். எதிரில் நிமிர்ந்துதான் நின்றான், ஆபீசில் நின்ற மாதிரி.

பார்க்கலாம் என்றேன். போகிறவன் வாசற்படியில் திரும்பினான்.

"ஒரே ஒரு விஷயம் சார். மாமியார் சமாசாரத்தை மட்டும் விட்டுடுங்கோ. எங்க மாமியாருக்குத் தாணேதான். முன்வரிசைல வந்து உக்காருவா."

மார்ச் 9

கோட்டை சலாவுதீனிடம் கொடுத்துப் பெட்டி போட்டு வாங்கினேன். வெய்யில் ஏறிவிட்டது, மப்ளர் வேண்டாமே என்கிறாள் அபயாம்பாள். நாடகத்தைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்!

மார்ச் 16, திங்கள்

நேற்று தாணே. அபயாம்பாளையும் அழைத்துக்கொண்டு போனேன்.

மாட்டுங்கா பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒரு வண்டி வந்தது, நான் எழுந்திருக்கவில்லை. இன்னொன்று வந்தது.

"ஏன்னா, இதுவும் போறதே. அங்கே இடைவேளை வந்துடுமே" என்றாள்.

போகட்டும் என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. அடுத்த வண்டியில் ஏறினோம்.

ஹால் வாசலில் கறுப்புக் கோட்டோடு வெங்கடேஸ்வரன் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். இடைவேளை எப்போதோ வந்துவிட்டது, உள்ளே ஜனம் பெஞ்சைத் தட்டுகிறது. சார், ஏன் இத்தனை நேரம் என்றான்.

"காரணம் எழுதித் தரட்டுமா?" என்றேன்.

அவன் மேடைக்கு வழி விட்டு ஒதுங்கினான். முன்வரிசை நடுவில் பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள், மடியில் விசிறியோடு நன்றாக உட்கார்ந்திருந்தாள். மாமியாரிலிருந்தே ஆரம்பித்தேன்.