கறுப்பில்லாத கொடி

யூன் 15, ஞாயிறு

தந்தையர் தினம். அட்சயா எனக்கு ஒரு சோடி காலுறை தந்தாள். கையோடு ஒரு குண்டையும் தூக்கிப் போட்டாள். வருகிற சனி கலேவ் வீட்டில் சாப்பாடாம். நானும் துர்க்காவும் கட்டாயம் வரவேண்டுமாம்.

இரண்டு வருடமாக 'சும்மா பிரெண்ட்' என்றிருந்த பெடியன் போன மாதம் என் மகளுக்கு மோதிரம் போட்டுவிட்டான். நல்ல பிள்ளைதான், இடியப்பத்தைக் கையால் சாப்பிடுவான். எஸ்தோனியாக்காரர். தகப்பனும் தாயும் ரொறன்ரோவில் பிறந்தவர்களாம். அவர்களைப் பெற்றவர்கள் போருக்குத் தப்பிக் கடலால் வந்தவர்களாம்.

"எஸ்தோனியா எங்க கிடக்கு?" என்று துர்க்கா கேட்டாள். வானொலியில் வாராவாரம் போன் எடுத்து உலக அரசியல் பேசுகிற சிவபாதத்தைப் பார்த்து மனைவி கேட்கிற கேள்வியா இது! "ரஷ்யாப் பக்கம்" என்றேன். பிறகு குளியலறைக்குள் போய், கதவைப் பூட்டிவிட்டு, போனில் தேடினேன். ரஷ்யாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தப்பினேன்.

யூன் 17, செவ்வாய்

பெண் வீட்டுக்காரர் வெறுங்கையோடு போகலாமா? பயற்றம் பணியாரம் துர்க்காவின் பொறுப்பு. கேக் என்னுடையது. எங்கள் டோர்செட் பார்க் கட்டடத்திலேயே பிரதீபா கேக் செய்கிறாள். சாமத்தியவீட்டுக்கு ஆளுயர மயிலே செய்தவள், அவளுக்கு ஒரு கொடி பெரிய வேலையா? அவர்களுடைய நாட்டுக் கொடியைக் கேக்காகக் கொண்டுபோய் வைத்தால் சம்பந்தி அசந்துபோகவேண்டும்.

கொடியைப் பார்த்தால் மேலே நீலம், நடுவில் கறுப்பு, கீழே வெள்ளை. நல்ல காரியத்துக்குக் கறுப்பா! அதுவும் முதல் முதல் வாசல் மிதிக்கிற அன்றைக்கு! துர்க்காவும் வேண்டவே வேண்டாம் என்றாள். "கறுப்பை விட்டிட்டுச் சிவப்புப் போடு பிள்ளை, குங்குமம் மாதிரி" என்றேன்.

பிரதீபா யோசித்தாள். "அண்ணை, சிவப்பை நடுவில வைச்சா வெள்ளைக்க ஊறி றோஸாப் போயிடும். வெள்ளையை மேல விடுவம். நீலம் நடுவில, சிவப்பு அடியில. வடிவா இருக்கும்."

எனக்கும் வடிவாகத்தான் பட்டது.

யூன் 21, சனி

ஐயோ.

ஈற்றோபிக்கோவில் அழகான வீடு. வாசலில் கலேவின் தகப்பன் ஆர்வோ, தாய் மைமு. இரண்டு பேரும் சிரித்து, கைகொடுத்து, கூட்டிக்கொண்டு போய் இருத்தினார்கள். நான் பெட்டியை மேசை நடுவில் வைத்து, "உங்கள் நாட்டுக்கு எங்கள் மரியாதை" என்று ஆங்கிலத்தில் ஒரு சின்ன உரையும் ஆற்றிவிட்டு மூடியைத் திறந்தேன்.

மைமு வாயைப் பொத்தினாள். ஆர்வோ கேக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழும்பி வெளியே போய்விட்டார். திரும்பி வரவேயில்லை.

அட்சயாதான் என் காதுக்குள் சொன்னாள், பல்லைக் கடித்துக்கொண்டு: "அப்பா, இட்ஸ் த ரஷ்யன் ஃபிளாக்."

வெள்ளை, நீலம், சிவப்பு. எத்தனை தரம் செய்தியில் பார்த்திருப்பேன்! ஆர்வோவின் தகப்பன் தாய் எவனுக்குப் பயந்து ஓடிவந்தார்களோ அவனுடைய கொடியை, கிறீம் பூசி, ரிப்பன் கட்டி, மகன் வீட்டு மேசையில் நானே கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

ஆனாலும் — வேணுமெண்டே செய்தனான்? மூண்டு கோடு, அதுக்கு இந்த மனிசன் இப்பிடி எழும்பிப் போறதோ? பிறந்தது இஞ்ச, வளந்தது இஞ்ச, அந்த நாட்டில ஒரு நாள் படுத்து எழும்பியிருப்பாரோ தெரியாது!

யூன் 22, ஞாயிறு

மேலே எழுதியதைத் துர்க்காவிடம் வாய்விட்டும் சொன்னேன். அவள் தேத்தண்ணீரை ஆற்றியபடி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அவை எங்களுக்கு மரியாதை எண்டு இலங்கைச் சிங்கக்கொடி போட்டு ஒரு கேக் தந்திருந்தா, நீங்கள் வெட்டிச் சாப்பிட்டிருப்பியளோ?"

தேத்தண்ணீர் குடிக்காமல் எழும்பிவிட்டேன்.

யூன் 24, செவ்வாய்

அட்சயா வந்தாள், இருக்கவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"நீங்க ரெண்டு அப்பாமாரும் ஒரே றூமில இருக்கமாட்டீங்க எண்டா எங்களுக்கு வெடிங்கே வேண்டாம். சிட்டி ஹோலில சைன் பண்ணிட்டுப் போறம். நோ ஃபமிலி. யாருமே வேண்டாம்."

எனக்கு இருப்பது ஒரு பிள்ளை. அவள் கையைப் பிடித்துக் கொடுத்து, தாரை வார்க்கிற தண்ணீர் என் கையால் விழவேண்டும் என்று அவள் பிறந்த நாளிலிருந்து நினைத்திருக்கிறேன். ஒரு கேக்கால் அது போகப்போகிறதா?

யூலை 5, சனி

ஆர்வோ வீட்டுக்குத் தனியாகப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறக்கமுன்னமே ஆர்வோ ஒரு துவாயைத் தந்தார். கீழே வரச் சொன்னார். அவர்கள் முக்கியமான கதையெல்லாம் சோனா என்கிற ஆவிக்குளியல் அறைக்குள் இருந்துதான் கதைப்பார்களாம். பலகையால் அடித்த சின்ன அறை, அடுப்பில் கல் சுட்டுக்கொண்டிருக்கிறது. யாழ்ப்பாணத்து வெயிலுக்குப் பிறந்து, முப்பத்தைந்து வருடம் பனியில் குளிர்ந்து ஆறியவனைத் திரும்ப அவிக்கிறார்கள்.

நல்ல காரியத்தில் எங்களுக்குக் கறுப்பு ஆகாது, அதனால்தான் மாற்றினேன் என்றேன். அவர் சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றினார். பிறகு சொன்னார், கறுப்பு அவர்களுடைய மண்ணாம். அந்தக் கொடியை வைத்திருந்தாலே சோவியத்காரன் பிடித்துக்கொண்டு போவானாம். ஒருமுறை ரஷ்யன், பிறகு ஜெர்மன்காரன், திரும்ப ரஷ்யன். அதற்கு முதலே அந்த ரஷ்யனும் ஜெர்மன்காரனும் இரகசியமாகக் கையெழுத்து வைத்து அவருடைய நாட்டைப் பங்குபோட்டார்களாம். எங்களை ஒருத்தரும் கேட்கவில்லை என்றார்.

"எங்களையும்தான்" என்றேன். எண்பத்தேழில் டெல்லியும் கொழும்பும் கையெழுத்து வைத்த கதையைச் சொன்னேன். இந்திய ஆமி வந்து இறங்க நாங்கள் மாலை போட்டு வரவேற்றதையும் சொன்னேன். மாலை காயமுதலே, ஒக்ரோபரில், ஷெல் அடித்தார்கள்.

ஆர்வோ தலையாட்டினார். பிறகு இலையோடு கட்டிய மரக்கிளையை எடுத்து என் முதுகில் சாத்தத் தொடங்கினார்! உடம்புக்கு நல்லதாம், அவர்கள் வழக்கமாம். எங்கள் ஊரில் பேய் பிடித்தவனுக்குத்தான் இப்படி வேப்பிலையால் அடிப்பார்கள். மன்னிப்புக் கேட்கப் போய் அடியும் வாங்கிய ஒரே சம்பந்தி நானாகத்தான் இருப்பேன்.

வெளியே வந்து தண்ணீர் குடிக்கும்போது ஆர்வோ கேட்டார்: கலியாணம் நடந்தால் தங்கள் பக்கம் தங்கள் கொடியை வைப்பார்களாம். உங்கள் பக்கம் எந்தக் கொடி?

வானொலியில் வாய் ஓயாதவன் நான். இன்னொரு கிளாஸ் தண்ணீர் வார்த்துக் குடித்தேன். சிங்கம் என்னுடையதில்லை. மற்றதைச் சொன்னால் அதற்கு ஒரு முழுநாள் விளக்கம் வேண்டும். கடைசியில், "நாங்கள் வாழைமரம் கட்டுவோம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அது நல்லது என்றார்.

யூலை 6, ஞாயிறு

அட்சயாவிடம் எல்லாம் சரி என்றேன். "ஒரு சோனாவோட எல்லாம் சரியாகாதப்பா. பாப்பம்" என்றாள். அப்படியே தாயின் குணம்.

ஓகஸ்ட் 9, சனி

மறுபடியும் போனேன். மறுபடியும் அடி. ஆர்வோ தங்களுக்கு இரண்டு பெரிய அயலவர் என்றார். நான் எங்களுக்கு ஒன்று வீட்டுக்குள், ஒன்று வேலிக்கு அப்பால் என்றேன். யாருடைய நிலை மோசம் என்று வியர்க்க வியர்க்க வாதாடினோம். நான்தான் வென்றேன். வென்றதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

அட்சயா இன்னும் சிட்டி ஹோல் கதையை விடவில்லை.

செப்ரெம்பர் 19, வெள்ளி

ரஷ்யப் போர்விமானங்கள் எஸ்தோனிய வானுக்குள் நுழைந்ததாகச் செய்தி. வானொலிக்குப் போன் எடுத்துப் பேசலாம் என்று நினைத்துக்கொண்டிருக்க ஆர்வோவின் போன் வந்தது. இதுவரை அவர் எனக்குப் போன் எடுத்ததேயில்லை. "சிவா, வரமுடியுமா?" அவ்வளவுதான்.

பின்னேரம் நான் ஓட்டுகிற பள்ளிக்கூட பஸ்ஸைக் கொண்டுபோய் விட்டவுடன் ஓடினேன். ரீவிக்கு முன்னால் இருந்தார். எஸ்தோனியத் தலைநகர் தாலினில் இருக்கிற பெறாமகளைப் போனில் பிடித்து, உடனே வெளிக்கிடு என்று கத்தியிருக்கிறார். அவள் சூப் காய்ச்சிக்கொண்டிருந்தாளாம். சித்தப்பா, கத்தவேண்டாம் என்றாளாம். வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறார். இங்கே பிறந்தவர், ஒரு நாளும் ஓடாதவர், ரீவிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டேயிருந்தார்.

என்னைக் கேட்டார்: வெளிக்கிடவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

"எங்களுக்குத் தெரியாது" என்றேன். "நாங்களும் சமைத்துக்கொண்டுதான் இருந்தோம். ஷெல் விழ, போட்டது போட்டபடி ஓடினோம். வழி முழுக்க அம்மா என்னை ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார், அடுப்பை அணைத்து நூர்த்தாயா என்று."

"நூத்தனீங்களோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அட்சயா. வேலையால் நேரே வந்திருக்கிறாள், எப்போது வந்தாளோ தெரியாது.

"ஞாபகமில்லைப் பிள்ளை."

அவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு இருந்தாள். மூன்று பேரும் ரீவியைப் பார்த்தோம். பிறகு மெல்லமாக, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "அப்பா, ஐயரோட கதைச்சு ஒரு நல்ல நாள் பாருங்கோ."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆர்வோ, அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார்.

"கலியாணத்துக்குப் பெரிய மண்டபமாகப் பார்க்கச் சொல்கிறாள்" என்றேன். அவள் அப்படிச் சொல்லவில்லை.