வெள்ளைச் சட்டைக் கையில் பாகு

இல்லவே இல்லடா சின்னவனே, வெந்நீரைக் கொட்டியிருந்தா ஒரே நிமிஷத்துல போயிருக்கும்னு போன்ல நீ கத்தினது சுத்தத் தப்பு. இங்க நான் நல்லா இருக்கேன், உங்கம்மா என்னைத் திட்டிக்கிட்டு இருக்கா, அப்போ அவளும் நல்லாத்தான் இருக்கா, நீயும் மருமகளும் சண்டை போடுற தெம்போட இருப்பீங்கன்னு நம்புறேன். நான் சொல்லச் சொல்ல உங்கம்மாதான் எழுதுறா. எதுக்கு வெந்நீர், என்ன போயிருக்கும்னு இப்பவே கேக்குறா, நீ எழுதுடி தானா வரும்னு சொல்லியிருக்கேன். நீங்க அம்மாகிட்ட சொல்லலைன்னா நானே சொல்லிடுவேன்னு மிரட்டினியே, இதோ சொல்றேன் பாத்துக்கோ.

பாட்டுக் குழுவுல உங்கம்மா முதல் தடவையா முன்னாடி நின்னு தனியாப் பாடினது உனக்குத் தெரியும். அந்தக் குழுத் தலைவியைத்தான் உனக்குத் தெரியாது. குழுவுல எல்லாருக்கும் வெள்ளைச் சட்டைதான், அதுல ஒரு புள்ளி இருந்தாலும் பின் வரிசைக்குத் தள்ளிடுவா. ரெண்டு மாசமா குளிக்கும்போதெல்லாம் பாடிப் பாடி, பக்கத்து வீட்டுத் தபால்காரருக்கே பாட்டு மனப்பாடம். அன்னைக்கு மத்தியானம் இவ முடி வெட்டிக்கப் போயிருந்தா, தொண்டைக்கு இதமா இருக்கட்டுமேன்னு நான் இஞ்சி தட்டிப் போட்டுச் சர்க்கரைப் பாகு காய்ச்சினேன். கரண்டியோட திரும்பினேன், நாற்காலியில தொங்கின சட்டைக் கையில நீளமா ஒரு கோடு. துடைச்சேன், காஞ்சதும் கண்ணுக்கே தெரியல, தொட்டா மட்டும் பிசுபிசுன்னு ஒட்டுது. பெரிய மூளைக்காரன் இல்லையா, இஸ்திரி போட்டா சரியாயிடும்னு பெட்டியை வச்சேன். ரொட்டி கருகின மாதிரி பழுப்பாயிடுச்சு. உங்கம்மா எழுதுறதை நிறுத்திட்டா. கறை போயிடுச்சுடி, எழுதுன்னதும் எழுதுறா. கிளம்ப மூணு மணி நேரம்தான் இருந்துச்சு. கீழ இருக்கிற சலவைக் கடைக்காரம்மாகிட்ட சும்மா ஒரு வார்த்தை கேட்டேன், சூடு பட்டா சர்க்கரை துணிக்குள்ள வெந்து உக்காந்துக்கும், கசக்காம ஊறப் போடுங்க அண்ணேன்னு ஒரே வரிதான் சொன்னா. மீதியெல்லாம் நான்தான். குழந்தையைக் குளிப்பாட்டுற சூட்டுல தண்ணி, அதுல ரெண்டு மூடி வினிகர், கொஞ்சம் சோப்புத்தூள், தண்ணி பழுப்பாக ஆக மாத்தி மாத்தி ஊத்தினேன். தேய்க்கணும்னு கை துறுதுறுன்னுச்சு, அடக்கிக்கிட்டேன். நாலாவது தண்ணியில துணி பளிச்சுன்னு ஆச்சுடா, நான் அங்கேயே ஒரு ஆட்டம் போட்டேன். மேடையில இவ கையைத் தூக்கினப்போ பால் மாதிரி வெளேர்னு இருந்துச்சு, முதல் ரெண்டு அடி என் காதுலயே விழல, கண்ணெல்லாம் அந்தக் கையிலதான். அதுக்கப்புறம் கேட்டேன் பாரு, இவளா என் பொண்டாட்டின்னு ஆயிடுச்சு. கைதட்டல் ஓயவே இல்ல, பாதிச் சத்தம் என்னோடது.

உங்கம்மா பேனாவை வச்சுட்டா, இங்கேருந்து என் கையெழுத்துதான். அந்தம்மா ஒரே வரிதான் சொன்னாளான்னு கேட்டா, ஒரே வரிதான்னேன். சட்டையை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு, அவளையே கேட்டுட்டு வரேன்னு படியிறங்கிப் போறா. எப்படிக் காய வச்சேன்னு நான் இன்னும் சொல்லவே இல்ல. உனக்கு மட்டும் உண்மையைச் சொல்றேன்டா, நான் அழாத குறையா சட்டையை நீட்டினேன், அவ்வளவுதான், தண்ணி மாத்தினது, வினிகர் ஊத்தினது, விசிறியில காய வச்சது எல்லாம் அந்தம்மா. பின்பக்கப் படியில ஓடினா உங்கம்மாவை முந்திக்கிட்டு அந்தம்மாகிட்ட சொல்லி வைக்கலாம். ரெண்டு பேரும் நூறு வருஷம் நல்லா இருங்க. ஞாயித்துக்கிழமை போன் பண்ணும்போது முதல்ல பாட்டைப் பத்திக் கேளு, சட்டையைப் பத்தி அப்புறம்.

இப்படிக்கு,
அவசரத்தில் இருக்கும் அப்பா