மாமியின் மூட்டை தீரும் வரை

ஓகஸ்ட் 17, 1931. திங்கள்

அலுமாரியை நகர்த்திப் பின்பக்கம் வரை துடைத்தேன். கதிரைகளுக்குப் புது உறை போட்டேன். நாளைக் காலைக் கோச்சியில் மாமி வருகிறார், என் புருஷன் கிளறன்ஸின் அம்மா.

கல்யாணமாகி இரண்டு வருடம். மாமி கல்யாணத்துக்கு வரவில்லை. என்னை யாழ்ப்பாணத்து வீட்டுக்கு ஒரு தரம்கூட அழைக்கவில்லை. கண்டிக் கச்சேரியில் அரசாங்கக் கிளாக்கர் வேலை பார்க்கும் மகன் பன்வில தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகளைக் கட்டிக்கொண்டானே என்ற கோபம். என் அப்பா கணக்கப்பிள்ளையாக உயர்ந்தது மாமியின் கண்ணில் படாது, அப்பாவைப் பெற்றவர் தோட்டத்துக் கூலியாக வந்தவர் என்பது மட்டும் படும். போன மாதம் கிளறன்ஸ் காய்ச்சலில் படுத்தார். அந்தச் சாட்டில்தான் இப்போது வருகிறார். வரட்டும். என் கோழிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு யாரும் என்னோடு கோபமாக இருந்ததில்லை.

ஓகஸ்ட் 18

வந்தார். கையில் ஒரு கறுப்புக் குடை. ரயில் போர்ட்டரின் தலையில் பெட்டியைவிடப் பெரிய மூட்டை. மூட்டைக்குள் என்ன தெரியுமா? புழுக்கொடியல், பருத்தித்துறை வடை, எள்ளுருண்டை, வறுத்த அரிசிமா, பொரித்த மோர்மிளகாய். குடிக்கத் தண்ணீர் அள்ள ஒரு செம்பும். பத்து நாளைக்கு என் வீட்டில் பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் தொடாமல் இருக்கும் ஏற்பாடு!

கோழிக் குழம்பு வைத்துக் கூப்பிட்டேன். என்னைப் பார்க்காமல் மகனிடம் சொன்னார்: "தம்பி, எனக்கெண்டு ஒண்டும் செய்ய வேண்டாமெண்டு சொல்லு."

நான் ஒரு கை தூரத்தில்தான் நிற்கிறேன்! கிளறன்ஸ் இரண்டு பேருக்கும் நடுவே வெறுந்தட்டோடு நின்றார். பாவம்தான். ஆனால் நான் என்ன பாவம் செஞ்சேன்? என் கை என்ன, அவ்வளவு கேவலமா? குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்படியில் அழுதேன். குழம்பு மிச்சம் கிடக்கிறது.

ஓகஸ்ட் 19

பக்கத்து வீட்டு ரபீகாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் சிரித்தாள். "மூட்ட எத்தன நாளக்கி வரும் டொரதி? ஒங்கட மாமிய நல்லா நடக்க வைங்க. கண்டியில சுத்திப் பார்க்க எடமா இல்ல? நடந்தாப் பசிக்கும், பசிச்சா மூட்ட தீரும். தீந்தா எங்க போவாங்க? ஒங்கட சட்டிக்குத்தான் வரணும்."

பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். மாமியிடம் பறக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நாளை குளத்தில் தொடங்குகிறேன்.

ஓகஸ்ட் 20

குளத்தை முழுதாகச் சுற்றினோம். கிளறன்ஸ் கச்சேரிக்குப் போய்விட்டதால் எங்களுக்கு நடுவில் ஆள் இல்லை. அதனால் மாமி குடையிடம் பேசினார். "குளமெண்டா மாடு குளிக்க வேணும். உது பாக்கிறதுக்கு மட்டும் வைச்சிருக்கினம்." நடுவில் இருக்கும் தீவைக் காட்டி, ராசா காலத்துக் கதை சொன்னேன். "அங்கை போய் இருந்தா நல்ல காத்து வரும்," என்றார், குடையிடம்.

நடையைச் சொல்ல வேண்டும். அறுபது வயது மனுஷி முன்னே போகிறார், இருபத்து நாலு வயது நான் பின்னே ஓடுகிறேன். வீட்டுக்கு வந்து நான் இரண்டு தட்டுச் சோறு தின்றேன். மாமி ஒரு வடையைக் கடித்துச் செம்புத் தண்ணீர் குடித்தார்.

ஓகஸ்ட் 21

தலதா மாளிகை, புத்தரின் பல்லை வைத்திருக்கும் கோயில். "யேசுவைக் கும்பிடுற வேதக்காரி நான், உள்ளுக்கு வரமாட்டன்," என்று வாசலில் நின்றார். நின்றபடியே கழுத்தை நீட்டி உள்ளே இருந்ததையெல்லாம் பார்த்துவிட்டார்.

பின்னேரம் கட்டுகஸ்தோட்டையில் யானைகள் ஆற்றில் படுத்துக் குளிப்பதைப் பார்க்கப் போனோம். பாகன் தேங்காய்ச் சிரட்டையால் யானையின் காதுக்குப் பின்னால் தேய்த்தான். மாமி கரையில் உட்கார்ந்துவிட்டார். எழும்பவே இல்லை. "அந்தப் பக்கமும் தேய், அந்தப் பக்கமும்," என்று பாகனுக்கு யாழ்ப்பாணத்துத் தமிழில் கட்டளை வேறு. இவருக்குச் சிரிக்கத் தெரியும் என்று இன்றுதான் கண்டேன்.

ஓகஸ்ட் 22

மூட்டை பாதி. என் குதிகாலில் கொப்புளம்.

ஓகஸ்ட் 23. ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து ஊருக்கு மேலே மலை முனைக்கு ஏறினோம். கிளறன்ஸும் வந்தார். பாதி வழியில் கல்லில் உட்கார்ந்து, "நீங்க ரெண்டு பேரும் போங்கோ," என்று கைகாட்டிவிட்டார்.

மேலே வானம் தெளிவு. கீழே குளம் ஒரு கிண்ணத்துத் தண்ணீர் மாதிரி. குண்டசாலைப் பக்கம் ஆறு வளைந்து போவது தெரிந்தது, அதற்கும் அப்பால் ஹுன்னஸ்கிரிய மலைகள். "அந்த மலைக்கு இந்தப் பக்கந்தான் பன்வில. எங்க அப்பா அம்மா அங்கதான் இருக்காங்க," என்றேன். கேட்கட்டும், கேட்காமல் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

மாமி நெடுநேரம் பார்த்தார். பிறகு குடையிடம் கேட்டார்: "அங்கை சரியான குளிரே?"

"விடியக்காலையில கை விறைச்சுப் போகும் மாமி. அதோடதான் கொழுந்து எடுக்கப் போவாங்க."

"ம்," என்றார். குடை ஒன்றும் சொல்லவில்லை.

ஓகஸ்ட் 24

மூட்டை தீர்ந்தது! நானே கண்ணால் கண்டேன், துணியை உதறி மடித்து வைத்தார். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, நெத்தலிப் பொரியல் என்று சமைத்து வாசனையை வீடெங்கும் விட்டேன்.

மாமி குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஒரு றாத்தல் பாணும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வந்தார்.

பாண்! பேக்கரி இருப்பதை நானும் மறந்தேன், ரபீகாவும் மறந்தாள். வெறும் பாணைப் பிய்த்துத் தின்கிற அந்த முகத்தைப் பார்க்க எனக்கு எரிச்சலும் வந்தது, பாவமாகவும் இருந்தது. வயதான மனுஷி. இது என்ன பிடிவாதம்? நான் செய்கிறதும் என்ன? நாளை பேராதனைப் பூந்தோட்டம். அதோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் தோற்றேன் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஓகஸ்ட் 25

எழுதக் கை பறக்கிறது.

பேராதனையில் காலை முழுவதும் ஒன்றும் எடுபடவில்லை. ஓர்க்கிட் பூக்களைக் காட்டினேன். "பூத்தென்ன, காய்க்குமோ?" இரட்டைத் தேங்காய் மரத்தைக் காட்டினேன். "உதை ஆர் இருந்து துருவுறது?" ராட்சத மூங்கிலைத் தட்டிப் பார்த்துவிட்டு, வேலி போட உதவாது என்று தள்ளிவிட்டார்.

ஒரு திருப்பத்தில் திடீரென்று நின்றார். பாதையின் இரண்டு பக்கமும் வரிசையாகப் பனைமரம். எனக்கு அது இன்னொரு மரம்தான், மாமிக்கு அப்படியா? வாய் திறந்தபடி அண்ணாந்து பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். புல்லில் பழங்கள் விழுந்து கிடந்தன. வந்ததே கோபம்! "உதென்ன அநியாயம்! பழம் விழுந்து அழுகுது, பொறுக்க ஒரு சனம் இல்லையே!"

இந்தத் தோட்டத்தில் ஒரு இலையைக்கூடப் பறிக்கக்கூடாது, விழுந்ததையும் தொடக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இரண்டு பழம் குடைக்குள் போயாயிற்று. மடித்த குடை பிள்ளைத்தாய்ச்சி மாதிரிப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. பனம்பழ வாசனையை எந்தக் குடையால் மறைக்க முடியும்? காவல்காரன் வந்துவிட்டான். அவன் சிங்களத்தில் கேட்டான், மாமி தமிழில் பதில் சொன்னார்: "குடை என்ரை குடை. உள்ளுக்குக் கிடக்கிறது என்ரை ஊர்ச் சாமான். உனக்கென்ன?" அவன் குடையைப் பிடித்தான். மாமி விடவில்லை.

நான் நடுவில் போனேன். மலைநாட்டில் பிறந்தவளுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. இவர் என் மாமியார், ஒரு வாரமாக என் வீட்டில் ஒரு வாய் சாப்பிடவில்லை, இந்தப் பழத்தையாவது தின்னட்டும், இல்லாவிட்டால் பட்டினியோடு ஊருக்குப் போவார், அந்தப் பழி என்மேல் விழும் என்று சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது, நடிப்பு இல்லை. அவன் என்னைப் பார்த்தான், மாமியைப் பார்த்தான். குனிந்து இன்னொரு பழத்தை எடுத்து மாமியின் கையில் வைத்துவிட்டு, வேறு பக்கம் திரும்பி நடந்தான். அவனுக்கும் ஒரு மாமியார் இருக்க வேண்டும்.

பஸ்ஸில் மாமி என்னைப் பார்த்துக் கேட்டார். குடையை அல்ல, என்னை! "அவனுக்கு என்ன சொன்னனி?"

"உள்ளதைத்தான் சொன்னேன் மாமி."

பாலம் தாண்டியதும் குடைக்குள் கைவிட்டுப் பழங்களைத் தடவிப் பார்த்தார். பிறகு, "வீட்டை கோதுமைமா கிடக்கோ?" என்றார்.

ஓகஸ்ட் 26

பழத்தை அடுப்பில் சுட்டுத் தோலை உரித்தோம். தும்போடு கிடந்த சதையைச் சட்டியில் போட்டு, "பிழி," என்றார். ஒரே சட்டியில் அவர் கையும் என் கையும். முழங்கை வரை மஞ்சள் களி.

"என்னை நடத்தி நடத்திப் பசிக்க வைக்கப் பாத்தனி, என்ன?"

என் கை நின்றுவிட்டது.

"முதல் நாள் குளத்தைச் சுத்தேக்கையே எனக்கு விளங்கிட்டுது. நானும் ஒரு வீட்டுக்கு மருமோளாப் போனவள்தானே. நிப்பாட்டாதை, பிழி."

"தெரிஞ்சும் ஏன் மாமி என்கூட வந்தீங்க?"

"ஊர் பாக்க ஆசையாக் கிடந்தது."

சிரித்துவிட்டேன். மாமிக்கும் உதட்டோரம் துடித்தது. என் மா, என் சீனி, என் எண்ணெய், என் தாச்சி. பனங்காய்ப் பணியாரம் பொரிந்து வந்தது. முதலாவதை ஊதி ஊதித் தின்றார். ரபீகாவுக்கும் ஒரு தட்டு அனுப்பினோம். மத்தியானம் தானாகவே வந்து உட்கார்ந்து, "சோறு கிடந்தாப் போடு பிள்ளை," என்றார். போட்டேன். அவசரத்தில் குழம்பு மேசையில் சிந்தியது. சந்தோஷம், வேறொன்றும் இல்லை.

ஓகஸ்ட் 27

பெரஹரா, தலதா மாளிகையின் யானை ஊர்வலம். கூட்டத்தில் மாமி என் கையைப் பிடித்தபடி நின்றார். என் கையில் இன்னும் பனம்பழ வாசனை. கடைசி யானை போகும் வரை வீட்டுக்கு வரச் சம்மதிக்கவில்லை.

ஓகஸ்ட் 29

ஸ்டேசனுக்குப் போனோம். மூட்டை மறுபடியும் பெரிது: நான் கட்டிக் கொடுத்த புளிச்சாதம், கோழிப் பொரியல், அப்பா பன்விலவிலிருந்து அனுப்பிய தேயிலை. கோச்சி நகரும்போது ஜன்னலால் கிளறன்ஸிடம் சொன்னார்: "டிசம்பரிலை நத்தாருக்கு டொரதியையும் கூட்டிக்கொண்டு வா." என் பெயர் அவருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

டிசம்பர் 26. யாழ்ப்பாணம்

பயணக் களைப்பு இன்னும் தீரவில்லை. வீடு நிறையச் சனம். "கண்டி மருமோளை" பார்க்க வருகிறார்கள். பன்வில தேயிலையில் எல்லாருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். எல்லாரும் குடித்தார்கள்.

மாமி நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்து கதை சொல்கிறார்: "இவளுக்குக் கண்டியிலை ஒரு இடமும் தெரியாது. நான்தான் குளத்தைச் சுத்திக் காட்டி, ஆனை காட்டி, பேராதனைக்கும் கூட்டிக்கொண்டு போனனான். பாவம், நடக்கவும் மாட்டாள்."

பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். "ஓமோ பிள்ளை?"

"ஆமாங்க, மாமிதான் எல்லாத்தையும் காட்டினாங்க," என்றேன்.

மாமி தன் தட்டிலிருந்து ஒரு பயத்தம் பணியாரத்தை எடுத்து என் தட்டில் வைத்தார்.