காசோடு வந்த கேள்வி

ஹேர்னிங்
12.03.1986

அன்புள்ள செலினுக்கு,

இங்கே சுகம். உன் சுகத்துக்குக் குறைவிருக்காது; ஆராய்ச்சிக்குக் காசு கிடைத்தவர்களுக்குத் தடிமன் காய்ச்சல்கூடப் பிடிக்காது.

ஆராய்ச்சிச் சபை உனக்கு மூன்று வருடத்துக்குப் பணம் ஒதுக்கியதை அறிந்தேன். சந்தோஷம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வயிறு எரிகிறது என்றுதான் வருகிறது. யாழ்ப்பாண வளாகத்தில் ஒரே வாங்கில் இருந்து சமூகவியல் படித்தோம். நீ புலமைப்பரிசிலில் டென்மார்க்குக்கு முந்தி வந்தாய். நான் அகதியாக வந்து தையல் தொழிற்சாலையில் இருக்கிறேன்.

நானும் அதே சபைக்கு எழுதினேன். எங்களோடு வேலை செய்யும் டேனிஷ்காரர் எங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அவர்களிடம் கேட்க விரும்பினேன். ‘அகதிகள் இங்கே எப்படிப் பழகிக்கொள்கிறார்கள் என்பதற்கே இப்போது முன்னுரிமை’ என்று பதில் வந்தது. கேட்பதற்கு உனக்குக் காசு. பதில் சொல்லத்தான் நான்.

எரிச்சலோடும் அன்போடும்,
ராசமலர்

புரொண்பி
20.03.1986

என் ராசமலர்,

நீ எரிச்சலை ஒளித்திருந்தால்தான் பயந்திருப்பேன். நான் மட்டும் விரும்பியதையா செய்கிறேன்? மன்னார் மீனவப் பெண்களைப் பற்றி எழுதத்தான் ஆசை. அதற்கு இங்கே ஒருவரும் காசு தரமாட்டார்கள். முன்பு பிள்ளை பராமரிப்புக்குக் காசு வந்தது. எங்கள் பல்கலைக்கழகப் பகுதியில் எல்லோரும் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். இப்போது அகதிகளுக்குக் காசு. எல்லோரும் உங்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

உயிர்த்த ஞாயிறு முடிய வருகிறேன். அயலிலுள்ள தமிழ்க் குடும்பங்களிடம் கூட்டிக்கொண்டு போவாயா? உன் வீட்டில்தான் தங்குவேன். புட்டு அவித்து வை.

உன் செலின்

ஹேர்னிங்
27.04.1986

அன்புள்ள செலின்,

நீ போன பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ஒன்று சொல்ல வேண்டும். பனிக்குப் பயந்து வாசல் தாண்டுவதில்லை என்று மேல்மாடிப் பரமேஸ்வரி அக்கா உன்னிடம் கண்கலங்கினாரே, அவர் மாசிப் பனியிலும் சைக்கிளில் டேனிஷ் வகுப்புக்குப் போனவர். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“அவ எங்கட பிள்ளையெல்லே. நாங்கள் நல்லா இருக்கிறம் எண்டு சொன்னா, பிறகேன் அவவுக்குக் காசு குடுப்பினம்? கஷ்டத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லச் சொல்லி எல்லா வீட்டிலையும் நான்தான் சொன்னனான்.”

முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பொறாமை. எனக்காக ஒருவரும் அப்படிப் பொய் சொன்னதில்லை.

அதையே என் கேள்வியாக்கிவிட்டேன். காசு இருக்கும் பக்கம் பதில்கள் ஏன் சாய்கின்றன? விண்ணப்பமாக எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். சபைக்கு அனுப்பினால் உன் ஆராய்ச்சி விழுந்துவிடும். உன்னைக் கேட்காமல் அனுப்ப மனம் வரவில்லை. அனுப்பட்டுமா?

ராசமலர்

புரொண்பி
10.11.1986

அன்பு ராசமலருக்கு,

இவ்வளவு காலம் எழுதாததற்குத் திட்டு. உன் பக்கங்களைப் படித்தபோது இந்த முறை எனக்குப் பொறாமை வந்தது. வளாகத்திலும் இப்படித்தான்: நான் குறிப்பெடுப்பேன், கேள்வி உனக்கு வரும்.

என் பேராசிரியரிடம் காட்டினேன். தொழிற்சாலையிலிருந்து போனால் சபை பிரித்தும் பார்க்காது என்றார். அதனால் என் பெயரில் அனுப்பினோம். காசு கிடைத்துவிட்டது. என் பழைய ஆராய்ச்சியும் விழவில்லை. இந்தப் புதிய ஆராய்ச்சிக்கு அதுவே உதாரணமாகிவிட்டது.

கோபிக்காதே. உதவியாளர் இடம் உனக்குத்தான். முன்னுரையில் உன் பெயர் வரும். தை மாதம் வருகிறேன்.

என்றும் உன்,
செலின்

ஹேர்னிங்
18.11.1986

மேரிசெலினுக்கு,

உதவியாளர் வேலை வேண்டாம். உன்மேல் பொறாமைப்பட்ட காலமெல்லாம் நீ எனக்குச் சிநேகிதியாகத்தான் இருந்தாய். இப்போது தேடிப் பார்க்கிறேன், அந்தப் பொறாமையும் இல்லை.

நீ வருவதைப் பரமேஸ்வரி அக்காவிடம் சொன்னேன்.

“இந்தமுறை என்ன சொன்னா பிள்ளைக்குக் காசு வரும்?” என்று கேட்டார்.

“உண்மையைச் சொல்லுங்கோ அக்கா. இப்ப அதுக்குத்தான் காசு” என்றேன்.

அவரும் நன்றாகப் புட்டு அவிப்பார். அங்கேயே தங்கிக்கொள்.

ராசமலர்