முப்பதடி உயரத்தில் எடுத்த அளவு

போன வாரம் பாப்பாவின் மழலையர் பள்ளியில் ஒரு பழைய அறிக்கையைக் காட்டினார்கள். கடைசிப் பக்கத்தில் இரண்டு கையெழுத்துகள். ஒன்று என்னுடையது. மற்றது, வலப்பக்கம் சாய்ந்து ஓடும் உன்னுடையது. நீ இறந்துபோய் ஆறு வருடம் ஆகிறது. மை இன்னும் வெளுக்கவில்லை.

பொத்தேரிக் கல்லூரியில் நாம் கடைசி வருடம் படித்தபோது, ப்ராஜெக்டுக்காக கதிர்வீச்சை அளக்கும் கருவியை ட்ரோனில் கட்டிக்கொண்டு கீழ்க்கட்டளைக்குப் போனோமே. அங்கே ஒரு காயலான் கடையில் ஆஸ்பத்திரியின் பழைய கதிர்வீச்சு மெஷின்களை உடைப்பதாகக் கேள்விப்பட்டு நீதான் இடத்தைத் தேர்ந்தெடுத்தாய். பத்தடி உயரத்தில் பறக்கவேண்டும் என்றாய். பறக்கவிட்டதும் கடைக்காரர் ஓடி வந்தார்.

"இன்னாமா, கல்யாணமா காட்சியா, எதுக்கு கேமரா வுடுறீங்க? பின்னால பொம்பளைங்க குளிச்சிகினு கீறாங்க. மேல தூக்குமா!"

நமக்கும் கூச்சமாகிவிட்டது. முப்பதடிக்கு ஏற்றினோம். பின்மூலைக்கு மேலே எண் ஒருமுறை எகிறி இறங்கியது.

"இவ்ளோ மேலயே இப்படின்னா, தரையில எவ்ளோ இருக்கும்? அவங்க குளிச்சு முடிக்கட்டும்டி, கீழ இறக்கிப் பாக்கலாம்" என்றாய்.

"நாளைக்கு சப்மிஷன். டீ வாங்கித் தரேன், வாயை மூடிட்டு வா" என்றேன்.

அந்த எண்ணைக் கருவிக் கோளாறு என்று அழித்தவள் நான். 'மாசு இல்லை' என்று எழுதியவளும் நான். நீ எனக்காகத்தான் கையெழுத்துப் போட்டாய். வேலைக்குச் சேர்ந்த மாதமே மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாய்.

பாப்பாவைப் பள்ளியில் சேர்த்தபோது, சுற்றிலும் அபார்ட்மென்ட்கள் எழும்பியதில் இடமே எனக்கு அடையாளம் தெரியவில்லை. இங்கே முன்பு என்ன இருந்தது என்று போன வாரம்தான் பள்ளி அலுவலகத்தில் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"காயலான் கடை மேடம். ஆனா ட்ரோன்லாம் விட்டு செக் பண்ண இடம். காலேஜ் ரிப்போர்ட்டே இருக்கு, பாருங்க."

பின்மூலையில் இப்போது மணல் தொட்டி. இரண்டு மாதமாகப் பாப்பா அதில்தான் விளையாடினாள்.

அறிக்கை தவறு என்றேன். "நீங்கதானே மேடம் சைன் பண்ணியிருக்கீங்க?" என்று சிரித்தார்கள். மறுபடி அளக்கச் சொல்லி கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போனேன். அங்கேயும், ஏற்கெனவே அளந்தாயிற்றே என்றார்கள். அழித்த எண் எனக்கு இன்னும் மனப்பாடம். ஆனால் அதைப் பார்த்த இன்னொரு சாட்சி நீ மட்டும்தான்.

பாப்பாவைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டேன். மற்றப் பிள்ளைகள் இன்று காலையும் அந்த மணலில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து மறுபடியும் பாப்பாவின் கால்களைக் கழுவினேன்.

"அழுக்கு எங்கம்மா இருக்கு?" என்று குனிந்து தேடினாள்.