பாவடிப் புல்லில் ஒரு விமானம்

18 ஜனவரி 1978
காலை நடை முள்ளிப்பட்டு வரை. பாவடித் திடலில் நெசவுக்காரர் பலராமன், தறியில் ஏற்றும் நீள இழைகளான பட்டுப்பாவுக்குக் கஞ்சி போட்டு நீட்டிக்கொண்டிருந்தார். "சார், இத்த கொஞ்சம் புடிங்க" என்று முனைக்கோலை என் கையில் திணித்தார். அந்த வழியாகப் போகிற யாரும் இதற்குத் தப்ப முடியாது. புளியமர நிழலில், ஈரப்பாவு கையை இழுக்க நிற்பது எனக்கும் பிடிக்கும். என் பம்புசெட் ரிப்பேர் கடையைத் திறக்கத் தாமதம்.

2 பிப்ரவரி
பட்டு முதலாளி சக்கரவர்த்தி கூப்பிட்டனுப்பினார். குடும்பத்தோடு பெங்களூர் போய்வர விமானம் வாங்கப்போகிறாராம். "நாலு பேரு உக்காரணும். பாவடிய ஒட்டி நம்ம புல்தரை கெடக்குதே, அதுல ஏறி எறங்கணும். எதுன்னு நீதான்பா சொல்லணும்." ஃப்ளையிங் கிளப்பில் மெக்கானிக்காக இருந்தவன் ஊரில் நான் ஒருவன்தானே.

20 பிப்ரவரி
விலைக்கு வருவது இரண்டு. இரண்டும் பழசு, இரண்டும் நாலு சீட்டு. இறக்கை மேலே இருக்கிற வண்டி மெதுவாக இறங்கும். பெரிய சக்கரம், மேடு பள்ளம் பார்க்காது. முதலாளியின் புல்தரையே அதற்குத் தாராளம். இறக்கை கீழே இருக்கிற வண்டி வேகம். ஆனால் சின்னச் சக்கரம். நாலு பேரோடு சித்திரை வெயிலில் கிளம்ப நீண்ட ஓட்டம் வேண்டும். வேலியைப் பிடுங்கிப் பாவடியையும் சேர்க்க வேண்டும், மரங்களை வெட்ட வேண்டும்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருக்கிறது. கீழ் இறக்கை வண்டி எங்கள் கிளப்பில் இருந்த அதே வண்டிதான். அதன் இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பூட்டியவன் நான். அது வந்தால் என்னைத்தான் கூப்பிட வேண்டும். மற்றது வந்தால் மெட்ராஸிலிருந்து வேறு ஆள் வருவான். நான் பம்புசெட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

21 பிப்ரவரி
கீழ் இறக்கை என்று சொல்லிவிட்டேன்.

5 மார்ச்
பாவடியும் முதலாளி நிலம். நெசவுக்கு நூல் கொடுப்பவரும் அவரே. யார் வாய் திறப்பார்கள்? பலராமன் மட்டும் கடைக்கு வந்தார்.

"இத்தவிட சின்ன எடத்துல எறங்குற வண்டி இல்லீங்களா சார்? மரம் போச்சுன்னா வெயில்ல கஞ்சி ஜல்தியா காஞ்சிடும். இழ அறுந்துகினே இருக்கும்."

"குடும்பத்தோட போறதுன்னா வேற இல்லீங்க" என்றேன்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

என்ன மனுஷன்டா நான்? நாக்கு கூசலையே.

14 மார்ச்
புளியமரங்கள் விழுந்தன. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

20 மே
கீழ் இறக்கை வண்டியைக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் முந்திக்கொண்டு வாங்கிவிட்டார். "போனா போவுது. அந்த இன்னொண்ண கொணாந்து எறக்கிக் காட்டச் சொல்லு" என்கிறார் முதலாளி.

4 ஜூன்
ஊரே திரண்டிருந்தது. மேல் இறக்கை வண்டி வந்தது. புல்லைத் தொட்டது, குலுங்கியது, பழைய வேலி இருந்த இடத்துக்கு வெகுமுன்னாலேயே நின்றுவிட்டது. பைலட்டோடு நாலு பேர் இறங்கினார்கள்.

முதலாளிக்கு ஒரே சந்தோஷம். இதையே வாங்கிவிடலாம், பாவடி தேவையில்லை, நெசவுக்காரர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று தாராளமாகச் சொன்னார். மரங்களைப் பற்றி அவருக்கு ஞாபகமே இல்லை.

பலராமன் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "இது அப்பவே இருந்துச்சிங்களா சார்?"

இன்னொரு பொய் வாயில் வரவில்லை. "இருந்துச்சி."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

11 ஜூன்
விடிந்ததும் பாவடிக்குப் போனேன். மொட்டை வெளி. பலராமனும் அவர் மனைவியும் மட்டும் பாவு விரித்துக்கொண்டிருந்தார்கள். முனைக்கோலைப் பிடிக்க ஆள் இல்லை. கிட்டே போய்க் கையை நீட்டினேன்.

"வேணாங்க" என்றார்.

வெட்டுப்பட்ட புளியமரத்தின் அடிக்கட்டையில் கோலைக் கட்டினார்.