நின்ற இடத்திலேயே ஜெயித்த மஞ்சள் சட்டைக்காரி

என் தங்க அம்மாவுக்கு,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாதவன் இன்றைக்கு உட்கார்ந்ததற்குக் காரணம் அழுகை இல்லை. நீ செய்துவிட்டுப் போன ஒரு காரியத்தைப் பார்த்து நான் வாயடைத்துப் போயிருக்கிறேன். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

என் பழைய கேம் செட் ஞாபகம் இருக்கிறதா? கையிலேயே வைத்து விளையாடுவது. பள்ளி விட்டு வந்ததும் நானும் தங்கச்சி மலரும் டிவி முன்னால் பழியாய்க் கிடந்து பார்ப்போமே ஒரு ஜப்பான் கார்ட்டூன், அதில் வருகிறவர்களை மோதவிடும் சண்டை விளையாட்டு அதற்குள் இருந்தது. நம் ஊர் ஸ்கூடாயில் டயர் கடைக்கு மேல்மாடியில் உனக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தபோது, நாலு மணி நேரம் சும்மா படுத்திருக்க வேண்டுமே என்று அதை உன்னிடம் கொடுத்தேன். ஐந்து நிமிஷம் சொல்லிக்கொடுத்தேன். மகன் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பது பேர் இருக்கும் கூட்டத்தில் யாரும் சீந்தாத அந்த மஞ்சள் சட்டைப் பெண்ணை நீ பிடித்துக்கொண்டாய். ஏன் என்று கேட்டதற்கு, "இவ ஒருத்திதான்டா சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி ஒழுங்கா சாப்பிட்டுட்டுப் போவா" என்றாய். சமையலறையிலிருந்து எங்களைத் திட்டிக்கொண்டே நீயும் அந்தக் கார்ட்டூனைப் பார்த்திருக்கிறாய் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தத் தீபாவளிக்கு நீ வீட்டில் உட்கார்ந்து விளையாடியதும் நினைவிருக்கிறது. மஞ்சள் சட்டைக்காரி நட்ட கல்லாக நின்றாள். "அலமாக், நகரும்மா! மரம் மாரி நின்னா எப்படி?" என்று கத்தினேன். நீ சிரித்துக்கொண்டே, "எனக்கு நின்ன எடத்துலதான் சண்டை போடத் தெரியும்" என்றாய். வந்திருந்தவர்களிடம் எல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். என்னை அன்றைக்கே ரெண்டு அறை அறைந்திருக்கலாம் நீ.

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். மற்ற நாள் நான் சிங்கப்பூரில் வேலையில் இருப்பேன். சனிக்கிழமை உன்னைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிடுவது நான்தான். இறக்கிவிட்டுக் கீழே மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்துவிடுவேன். நாலு மணி நேரமும் தே தாரிக் டீயும் போனும்தான். ரத்தம் குழாயில் ஓடுவதைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. ஒரு சனிக்கிழமைகூட நான் மாடி ஏறவில்லை. நீயும் என்னை, "ஏறி வா" என்று கூப்பிட்டதே இல்லை.

இப்போது மலர் விஷயம். பதறாதே. அவளுக்கும் சர்க்கரை, அவளுக்கும் சிறுநீரகம். ஊசி போடுவதற்கு வசதியாகக் கையில் ஆபரேஷன் முடிந்து, காயமும் ஆறிவிட்டது. ஆனால் முதல் நாள் டயாலிசிஸுக்குப் போகவே மாட்டேன் என்று நின்றுவிட்டாள். கால் வீங்கிக்கொண்டு போகிறது, படுத்தால் மூச்சு வாங்குகிறது, அப்போதும் அசையவில்லை. "அம்மா அந்த நாற்காலில ஆறு வருஷம் படுத்துக் கிடந்து என்னத்த கண்டாங்கண்ணே? நான் அப்படிக் கிடக்க மாட்டேன்" என்றாள். நீ இருந்திருந்தால் உன் ஒரு அதட்டலில் அடங்கியிருப்பாள்.

அவளுக்கு ஒதுக்கிய இடத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று கெஞ்சத்தான் முதன்முதலாக அந்த மாடிக்குப் போனேன். உன்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸ், கலை மிஸ்ஸி, நான் யார் மகன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அலமாரியைத் திறந்தார். "அம்மாவோட சாமான் ஒன்னு இங்கயே இருக்கு தம்பி. யாராச்சும் மேல வருவாங்கன்னு வச்சிருந்தேன் லா" என்றார். என் கேம் செட். தொலைந்துபோனது என்று நினைத்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தேன். மலரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு சண்டை முடிந்ததும், இதைச் சேமிக்கவா என்று அந்த விளையாட்டு கேட்கும். நீ ஒன்றுவிடாமல் சரி என்று அமுக்கியிருக்கிறாய். உன் சண்டைகள் அத்தனையும் உள்ளே இருந்தன அம்மா.

ஒன்றைப் போட்டோம். எதிரி பாய்ந்து வருகிறான். மஞ்சள் சட்டைக்காரி நகரவில்லை. தடுக்கிறாள், மறுபடி தடுக்கிறாள். அவன் கை ஓய்கிற அந்த ஒரு கணத்தில் ஒரே குத்து. திரும்பத் தடுக்கிறாள். அடுத்த சண்டையும் அதே மாதிரி, அதற்கடுத்ததும். ஒருவர் பின் ஒருவராக எல்லாரையும் விழுத்தாட்டுகிறாள், ஒருமுறைகூடக் கால் எடுத்து வைக்காமல். இருபது வருஷமாக விளையாடுகிறேன், இப்படி ஒரு ஆட்டத்தை நான் கண்டதில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மலர்தான் முதலில் கண்டுபிடித்தாள். "அண்ணே... நடக்குறதுக்கு எந்தக் கை?"

இடது கை. இடது கட்டை விரலால் குமிழைத் தள்ளினால்தான் ஆள் நகரும். உன் இடது கையில் ஊசி. அசைக்கக் கூடாத கை. வயிற்றின்மேல் தலையணை வைத்து, அதன்மேல் செட்டை வைத்து, வலது கைக்கு எட்டிய பட்டன்களை மட்டும் வைத்துக்கொண்டு அத்தனை பேரோடும் மோதியிருக்கிறாய். ஆளைத் தேர்ந்தெடுக்க மட்டும் மிஸ்ஸி உதவுவாராம், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். உன்னைப் போய் மரம் என்றேனே! இதையெல்லாம் ஏன் என்னிடம் சொல்லவில்லை?

எல்லாரையும் விழுத்தாட்டினாய் என்றேன், தப்பு. ஒருவன் பாக்கி. கார்ட்டூனில் வருகிற அந்த வெள்ளை முடிக்காரன் மட்டும் உனக்கு அடங்கவில்லை. அவன் கிட்டே வருவதே இல்லை. எட்ட நின்று நெருப்பை வீசிக்கொண்டே இருக்கிறான். அவனிடம் தோற்ற சண்டைகள் எத்தனை! ஒவ்வொன்றிலும் நீ தடுத்துத் தடுத்துக் காத்திருக்கிறாய். என்னால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை. எட்டவே நின்றுகொண்டிருந்த இன்னொருவன் கீழே மாமாக் கடையில் இருந்தான் அம்மா.

மலர் தன் வலது கையைத் திருப்பித் தழும்பைப் பார்த்தாள். அவள் இடது கைக்காரி இல்லையா, அதனால் ஆபரேஷன் வலது கையில். "எனக்கு நடக்கத்தான் முடியும். அடிக்க முடியாது" என்றாள். செட்டை மூடித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "சனிக்கிழம எத்தன மணிக்கு?"

நேற்று சனிக்கிழமை. இருவருமாக மாடி ஏறினோம். ஊசி இறங்கியபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள், நான் மூடவில்லை. குழாயில் ரத்தம் ஓடியது. அவளுக்கு இடது பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் மடியில் தலையணை, அதன்மேல் செட். நடப்பது அவள், அடிப்பது நான்.

முதல் சண்டை பத்து விநாடியில் முடிந்தது. "அடி அண்ணே, அடி!" "நீ கிட்ட போனாத்தானே அடிக்க முடியும்!" பழையபடி சண்டை, விளையாட்டில் இல்லை, எங்கள் இருவருக்குள். அடுத்த நாற்காலியில் படுத்திருந்த சீன ஆன்ட்டி சிரித்தார். நாலு மணி நேரம் போனதே தெரியவில்லை என்று சொன்னால் அது பொய். மலருக்கு நடுவில் தலை சுற்றியது, வாந்தி வந்தது, கொஞ்சம் அழுதாள். பிறகு, "இன்னொரு ஆட்டம்" என்றாள்.

கடைசியாக வெள்ளை முடிக்காரனைப் போட்டோம். நெருப்பு வந்தது. மஞ்சள் சட்டைக்காரி முதன்முதலாக நடந்தாள். மலர் அவளைக் குனியவைத்து, தாண்டவைத்து, நேரே அவன் முகத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். நான் ஒரு குத்து விட்டேன், பட்டது. அதற்குப் பிறகு தோற்றோம், அதை விடு. அந்தச் சண்டையையும் உன் சண்டைகளுக்குக் கீழேயே சேமித்து வைத்திருக்கிறோம்.

அவனை ஜெயித்துக் காட்டுகிறோம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் உனக்குச் சொல்கிறேன்: இனி எந்தச் சனிக்கிழமையும் நான் கீழே உட்காரமாட்டேன். மலருக்குப் பக்கத்தில் அந்த ஸ்டூல் என்னுடையது.

தாமதமாக மாடி ஏறி வந்த,
உன் மகன்
குமரன்